மூழ்காத சீலாந்தியா

கேள்வி: நியூசிலாந்தைச் சுற்றி மூழ்கிக் கிடக்கும் சீலாந்தியா கண்டம், மூழ்காமலே இருந்திருந்தால்?
– வாசகர், தேனி

பதில்: முதலில் ஒன்று: இதைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அது நம்பிக்கை, இது பாறையை எடுத்துச் சோதித்துப் பார்த்த நிலம். பரப்பு ஏறத்தாழ 49 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல் ஒன்றரை மடங்கு. அதில் 5 சதவீதம்தான் நியூசிலாந்தாகவும் நியூ கலிடோனியாவாகவும் தலைகாட்டுகிறது.

சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது, பிசைந்த மாவை இழுத்ததுபோல அதன் மேலோடு மெலிந்தது. மெலிந்ததால் தாழ்ந்தது. அது மெலியாமல் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்குச் சுவையாகப் படுவது மனிதர் கதைதான். பசிபிக் கடலோடிகளான லபிட்டா மக்கள் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே நியூ கலிடோனியாவில் கரையேறிவிட்டார்கள். நியூசிலாந்துக்கோ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் மனிதர் வந்தனர். கிழக்கு பாலினீசியாவிலிருந்து வந்த அவர்களே மாவோரிகளின் முன்னோர். நடுவே கடல் இல்லையென்றால் லபிட்டாக்காரர்கள் தெற்கே நடந்தே போயிருப்பார்கள். இன்றைய மாவோரி இனமே உருவாகியிருக்காது. மனிதர் வந்து ஓரிரு நூற்றாண்டுகளில் அழிந்த, நியூசிலாந்தின் பறக்காத மோவா பறவைக்கு, ஒளிந்து பிழைக்க ஒரு கண்டமே இருந்திருக்கும். (பிழைத்திருக்குமா? மனிதனை நம்பிச் சொல்ல முடியாது.)

1642-இல் டச்சு மாலுமி டாஸ்மன் கண்டதும் இரண்டு தீவுகளின் கரையாக இருந்திருக்காது. அவ்வளவு பெரிய நிலத்தை ஐரோப்பியர் ஒரே கொடியின் கீழ் விட்டிருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவைப்போல் கூறு போட்டிருப்பார்கள் என்பதே என் கணிப்பு.