ஹெடர் மாத்திறதுக்கு முதல் சென்சரைப் படியுங்கோ



கணினி படிச்ச எங்களுக்கு ஹெடர் எண்டால் தரவுப் பொதியின் தலைப்பகுதி. பழைய பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்களுக்கு அது வேற சாமான்: எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்க் கூட்டம். இந்தக் கிழமை மடல் அந்த இரண்டாவது ஹெடரைப் பற்றியது. குழாய், போல்ட், சென்சர் எல்லாத்தையும் காதால் மட்டும் கேட்டு விளங்கிறது கஷ்டம். அதனால் எழுத்தில் தாறன்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுப்பம்: 2004 செவ்ரோலே சில்வராடோ, 5.3 லீட்டர் வி8. இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் 1999 மாடலில் இருந்து ஜி.எம். பிக்கப்களில் வந்தவை. பாகங்கள் லேசாகக் கிடைக்கும், கையாலே பிரிச்சுப் பழகவும் நல்லது.

ஹெடர் உண்மையில் என்ன செய்யுது?

கொம்பனியில் இருந்து வரும்போது எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் வார்ப்பிரும்பில் செய்த மனிபோல்ட் ஒன்று இருக்கும். நாலு சிலிண்டரின் புகையும் அந்த ஒரே அறைக்குள்தான் வந்து விழும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் நாலும் ஒன்று சேரும்.

ஏன் அது முக்கியம்? இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. எட்டும் எரிஞ்சு முடிய கிராங்க் தண்டு 720 பாகை சுற்ற வேண்டும். அதாவது 90 பாகைக்கு ஒருக்கா ஒன்று எரியும். ஒற்றை எண்கள் சாரதிப் பக்கம், இரட்டை எண்கள் மற்றப் பக்கம். சாரதிப் பக்கத்தை மட்டும் எடுத்தால் வரிசை 1, 7, 5, 3, பிறகு திரும்ப 1. இடைவெளிகள் 180, 270, 180, 90 பாகை. அந்தக் கடைசி 90இல்தான் சிக்கல். 3இன் புகை வால்வு இன்னும் திறந்திருக்கும்போதே 1இன் புகை பாய்ஞ்சு வருது. ஒரே அறை எண்டால் இரண்டும் முட்டும். தனிக் குழாய் இருந்தால் அந்த முட்டல் குறையும்.

பலன் தெரியிறது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். டெக்காரியில் ட்ராபிக்குக்குள் நிக்கிற ட்ரக்கில் பெரிசா ஒன்றும் தெரியாது. "ஹெடர் போட்டால் வண்டி பறக்கும்" எண்டு ஆரும் சொன்னால் சிரிச்சுப்போட்டு விடுங்கோ.

உண்மையான வேலை: கறள் பிடிச்ச போல்ட்

ஒரு பக்கத்துக்கு 6 போல்ட், மொத்தம் 12. எல்லாம் 8 மில்லிமீட்டர். எஞ்சின் ஹெட் அலுமினியம், மனிபோல்ட் இரும்பு. சூடாகும்போது அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டும்போதும் இந்த இரண்டும் போல்ட்டை இழுத்து இழுத்து விடும். அதோட மொன்றியல் றோட்டு உப்பும் சேர்ந்தால் கேக்கவா வேணும்? பல ட்ரக்குகளில் கடைசி சிலிண்டருக்குப் பக்கத்து போல்ட்டின் தலை ஏற்கனவே உடைஞ்சு விழுந்திருக்கும். கழட்டத் தொடங்கிறதுக்கு முதல் டோர்ச் அடிச்சு எண்ணிப் பாருங்கோ.

இரண்டு மூன்று நாளுக்கு முதலே கறள் இளக்கும் எண்ணெயை போல்ட்டுகளுக்கு அடிச்சு விடுங்கோ, ஒருக்கா அல்ல, பல தரம். கழட்டும்போது முதலில் இறுக்கிற பக்கம் மெல்ல ஒரு அசைவு, பிறகு கழட்டிற பக்கம். முறுக்கி விளையாட வேண்டாம். உடைஞ்ச போல்ட்டின் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுக்கு மேல ஒரு நட்டை வெல்ட் பண்ணிக் கழட்டலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்யும். ஹெட்டோட மட்டமாக உடைஞ்சிருந்தால் நடுவில் துளைக்க வேண்டும். ட்ரில் கொஞ்சம் விலகினாலும் அலுமினியத்தின் புரி போயிடும். அந்த இடத்தில் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டக் குடுக்கிறதுதான் புத்தி.

பூட்டும்போது புது கஸ்கெட், புது போல்ட். நடுவில் இருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கோ. கொம்பனி அளவு, முதல் சுற்றில் 15 நியூட்டன் மீட்டர், இரண்டாவது சுற்றில் 25. ஹெடரோட வந்த தாளில் வேற அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கோ. சில நாள் ஓடின பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, திரும்ப ஒருக்கா இறுக்கம் பாருங்கோ. வண்டிக்குக் கீழே போகிற எல்லா நேரமும் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கோ.

கணினிக்கு ஆர் பொய் சொல்லுறது?

புகைக் குழாயில், கட்டலிட்டிக் கொன்வெர்ட்டருக்கு முன்னால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஒக்சிசன் சென்சர் இருக்குது. புகையில் ஒக்சிசன் மிஞ்சி இருந்தால் அது 0.1 வோல்ட் அளவு காட்டும். பெற்றோல் கூடி ஒக்சிசன் இல்லாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம் போகும். எஞ்சின் கணினி இதைப் பாத்து, 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று எண்ட எடைக் கணக்குக்குக் கிட்ட வைத்திருக்க முயலும்.

இப்ப ஒரு போல்ட் உடைஞ்சு சென்சருக்கு முன்னால் சின்ன இடைவெளி விழுது எண்டு வையுங்கோ. புகை தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் வாறதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அழுத்தம் குறையும். அந்த நேரம் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சர் அந்த ஒக்சிசனைப் பாத்து "பெற்றோல் காணாது" எண்டு சொல்லும். கணினி பெற்றோலைக் கூட்டும். எஞ்சின் சரியாகத்தான் எரிஞ்சது. இப்பதான் பிழையாக எரியத் தொடங்குது. பி0171 அல்லது பி0174 எண்ட கோட் வரும்.

அந்தக் கோட்டைப் பாத்ததும் பலர் புது சென்சர் வாங்கிப் போடுவினம். சென்சர் தனக்கு முன்னால் இருந்ததைச் சரியாகத்தான் அளந்தது. பிழை அதுக்கு முன்னாலேயே நடந்திட்டுது. மென்பொருளில் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் விடைக்கான ஃபங்க்ஷனைத் திருத்திக்கொண்டிருக்கிற மாதிரித்தான் இது.

மலிவான ஸ்கானர் ஒன்று இருந்தால் 'ஃபியூவல் ட்ரிம்' எண்ட எண்ணைப் பாருங்கோ. கணினி எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுது, குறைக்குது எண்டு அது சொல்லும். ஒரு பக்கம் மட்டும் கூடி, மற்றப் பக்கம் சாதாரணமாக இருந்தால் முதலில் அந்தப் பக்கக் குழாயில் கசிவு தேடுங்கோ. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஊதக்கூடிய வக்யூம் ஒன்றால் பின் குழாய்க்குள் காற்றை ஊதி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணி அடியுங்கோ. குமிழி வாற இடம்தான் ஓட்டை. ஹெடர் பூட்டி முடிச்ச பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கோ.

'டிக் டிக்' சத்தத்தை விடாதேங்கோ

காலமை ஸ்டார்ட் பண்ண 'டிக் டிக்' எண்டு கேக்கும், சூடானதும் நிண்டிடும். உலோகம் விரிஞ்சு இடைவெளியை மூடுறதால்தான் நிக்குது. அதால் பலர் கணக்கெடுக்கிறதில்லை. ஆனால் குளிர் ஸ்டார்ட்டில் மூன்று விசயம் ஒரே நேரத்தில் நடக்குது: எஞ்சின் பெற்றோலைக் கூட எடுக்குது, கொன்வெர்ட்டர் இன்னும் சூடாகவில்லை, ஓட்டை நல்லாத் திறந்திருக்குது. அப்ப வெளியே வாறது காபன் மொனொக்சைட்டு நிறைஞ்ச புகை. ஹீட்டருக்கான காற்றை வண்டி எடுக்கிறது முன் கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினுக்குக் கிட்ட. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். ஜனவரியில் உள்ளே இருந்துகொண்டு வண்டியைச் சூடாக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அபார்ட்மென்ட் கீழ்த்தளக் கராஜில் எஞ்சினை ஓட விட்டு வேலை செய்யிறது எப்பவும் வேண்டாம்.

என்ன வாங்கலாம்?

குட்டை ஹெடர் எண்டால் கொம்பனிக் குழாயோட அப்படியே பொருந்தும், கொன்வெர்ட்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். நீள ஹெடருக்குப் பெரும்பாலும் கொன்வெர்ட்டரை நகர்த்தவோ கழட்டவோ வேண்டி வரும். கியூபெக்கில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழட்டிப்போட்டு ஓடுறது சட்டத்துக்கு மாறானது. றேஸ் ஓடாத ஒருவருக்கு நான் சொல்லுறது இதுதான்: கசிவு மட்டும்தான் பிரச்சினை எண்டால் நல்ல வார்ப்பிரும்பு மனிபோல்ட்டும் புது போல்ட்டுகளும் போதும். உப்பையும் சூட்டையும் மெல்லிய குழாயைவிட அது கனகாலம் தாங்கும். எப்படியும் கழட்டத்தான் வேணும், ஹெடர் ஆசையும் இருக்குது எண்டால் குட்டை ஹெடர் வாங்குங்கோ.

முதலில் போல்ட்டை எண்ணுங்கோ. பிறகு கசிவைத் தேடுங்கோ. பிறகு ட்ரிம் எண்ணைப் படியுங்கோ. காசை அதுக்குப் பிறகு எடுக்கலாம்.

உங்கட ஸ்கானரில் விளங்காத எண் ஏதும் வந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோடில் சேர்ந்து பாப்பம்.