நடக்கத் தொடங்கியதும் எடை ஏறுவது ஏன்?

உடல் எடையைக் குறைக்க வேண்டுமென்று காலை நடை தொடங்குவோர், இரண்டாம் வாரத்தில் எடைக்கருவியில் ஏறி நின்று மனம் தளர்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். உணவைக் குறைத்திருப்பர்; நாள்தோறும் வியர்வை சிந்தியிருப்பர்; ஆயினும் ஒரு கிலோ கூடியிருக்கும். அன்றே நடையை நிறுத்திவிடுவோரும் உண்டு. சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர் இவ்வாறு நிறுத்துவது பெரும் இழப்பு. எடை குறையாவிடினும் நடையால் அவ்விரண்டும் கட்டுப்படும்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளைவிப்போருக்கு இதனை விளக்குவது எளிது. பச்சை மஞ்சளை வேகவைத்து உலர்த்தினால், எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிறது. போனது நீரே. நம் உடலெடையிலும் பாதிக்கு மேல் நீர்தான். எடைக்கருவியோ நீரையும் கொழுப்பையும் பிரித்தறியாது.

உழைக்கத் தொடங்கிய தசை, தனக்கு வேண்டிய சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் முன்னிலும் கூடுதலாகச் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்து தங்கும். ஆகவே 100 கிராம் கூடினால் எடையில் 400 கிராம் ஏறும். உணவைத் திடீரெனக் குறைத்த முதல் வாரத்தில் 2 கிலோ இறங்கியதும் பெரும்பாலும் இதே நீர் வெளியேறியதால்தான். அப்போது மகிழ்ந்ததும் சற்று மிகையே. பழக்கமற்ற உழைப்பால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, அதனைச் சரிசெய்ய அங்கே நீர் கோக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கெண்டைக்கால் வலிப்பது இதனாலேயே. சில வாரங்களில் உடல் பழகிவிடும்.

"தசை வளர்ந்துவிட்டது" என்று சிலர் ஆறுதல் கூறுவர். இரண்டு வார நடையில் ஒரு கிலோ தசை வளராது. கொழுப்பும் அவ்வளவு விரைவாகச் சேராது: ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. பத்து நாளில் அது கூட, நாள்தோறும் 770 கலோரி மிகுதியாக உண்டிருக்க வேண்டும். நடை முடிந்ததும் தேநீர்க் கடையில் வடையும் பஜ்ஜியும் உண்பவர் கணக்கு வேறு.

2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை 38 மாவட்டங்களிலும் தொடங்கி, 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்தது. நல்ல முயற்சி. எனினும் புதியவர் முதல் நாளே எட்டையும் நடக்க முயல வேண்டா. பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுவது போதும்.

எடையை வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, உண்ணுமுன், ஒரே கருவியில் பாருங்கள். மாதவிடாய்க்கு முன் பெண்களுக்குச் சிறிது ஏறுவது இயல்பு. நான்கு வார அளவுகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இடுப்பையும் அளந்து குறித்து வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருத்தல் நலம்.

இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்க்கு மேற்கூறியது அப்படியே பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, பாதம் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் வாருங்கள். இன்சுலின் போடுவோர் நடை தொடங்குமுன் மருந்தளவைக் கேட்டறிந்து, நடக்கும்போது சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்திருங்கள்.