எடை முகாமில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள், உடல் பருமனான பிள்ளைகளுக்கான கோடை முகாமில் வழிகாட்டியாகச் சேரலாமா?

பதில்: சேரட்டும், ஆனால் எடை பார்க்கும் மெஷினுக்குக் காவலாக வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023-இல் இத்தகைய பிள்ளைகளுக்குச் சொன்னது, குடும்பத்தையும் சேர்த்து 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேர நேரடிப் பழக்க மாற்றப் பயிற்சி. முகாமின் சில வாரங்களில் இறங்கும் எடை, வீட்டுச் சமையலறை மாறாவிட்டால் திரும்ப ஏறலாம். அப்படியானால் முகாம் வீண்தானே என்பீர்கள். இல்லை. பள்ளி நீச்சல் குளத்தில் சட்டையைக் கழற்றக் கூசிய பையன், தன்னைப் போன்றவர்கள் நடுவே தயங்காமல் குதிக்கலாம். அது சின்ன விஷயமா? கண்டிப்பில்லாமல் எடை குறையுமா என்றும் கேட்கலாம். எடையைப் பற்றிய பேச்சும் பட்டினி டயட்டும் உணவுக் கோளாறுகளில் கொண்டுவிடலாம் என்று அதே சங்கம் 2016-இலேயே எச்சரித்தது. பிள்ளை இன்னொரு துண்டு ரொட்டி எடுக்கும்போது, 'இது தேவையா?' என்று உங்கள் மகள் கேட்கவே கூடாது. எல்லார் முன்னிலையிலும் எடை பார்ப்பார்களா என்று முதலில் விசாரிக்கட்டும். ஆம் என்றால் வேறு முகாம் தேடட்டும்.