முப்பது தாண்டித் தாதியாக ஆசையா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழியில் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும். வேறு வேலை பற்றிய பேச்சு வீடுகளில் எழுவதும் அந்த மாதங்களில்தான். வளைகுடாவில் ஒரு மூதாட்டியை வருடக்கணக்காகப் பராமரித்துவிட்டுத் திரும்பிய பெண்ணுக்கும், பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைத் தூக்கிக் கிடத்திப் பழகிய மகனுக்கும், ‘நானும் தாதியாகலாமா?’ என்ற எண்ணம் வருவது இயல்பு. கூடவே நெஞ்சுப் படபடப்பும் வருகிறது. அந்தப் பயத்தில் பாதி சரியான தகவல் கிடைத்தால் போய்விடும். மீதியைப் பயிற்சி போக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகச் சுமப்பவர்களே தொடங்கும் முன்பே சோர்ந்துபோகிறார்கள்.

நம்பிக்கை: மனம் இருந்தால் போதும், வயது ஒரு தடையே இல்லை.

உண்மை: இலங்கையில் சில வாசல்களுக்கு வயதுத் தடை உண்டு. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வர்த்தமானி அறிவித்தல் மூலமே ஆள் எடுக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி பெற்றிருக்க வேண்டும். வயது எல்லையோ முப்பதுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே முதல் வேலை கடைசியாக வந்த வர்த்தமானியை எடுத்து வாசிப்பது. அந்த வாசல் மூடியிருந்தால் அது சட்டம் போட்ட எல்லை, உங்கள் தகுதிக் குறைவு அல்ல. தனியார் வைத்தியசாலைகள் நடத்தும் தாதியர் கல்லூரிகளை விசாரிக்கலாம். என்.வி.க்யூ. (தேசிய தொழிற்தகைமை) தரத்திலான பராமரிப்பாளர் பயிற்சியும் இருக்கிறது. பிரித்தானியாவில் குடியேறிய உறவினர் இதே கேள்வி கேட்டால் பதில் வேறு: அங்கே தாதியியல் பட்டத்துக்கு உச்ச வயது எல்லை கிடையாது.

நம்பிக்கை: ஆறு மாதக் கோர்ஸ் முடித்தால் நீங்களும் நேர்ஸ்.

உண்மை: பதிவுபெற்ற தாதிக்குரிய அடிப்படைப் பயிற்சி இங்கே மூன்று வருடம். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையே பதிவு தருகிறது. குறுகிய காலப் பயிற்சி உங்களைப் பராமரிப்பாளராகவோ உதவியாளராகவோ ஆக்கும். அதுவும் மரியாதையான தொழில்தான், ஆனால் பெயர் வேறு, சம்பளம் வேறு, பொறுப்பு வேறு. நகையை அடகு வைத்துக் காசு கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சான்றிதழை வைத்துத் தாதியர் பேரவையில் பதியலாமா? வாட்டுப் பயிற்சி எந்த வைத்தியசாலையில்? என்.வி.க்யூ. என்றால் எந்த மட்டம்? எழுத்தில் பதில் தராத இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: இந்த வயதில் படிப்பு மண்டையில் ஏறாது.

உண்மை: வயது போகப் போக மூளையின் வேகம் சற்றுக் குறையும். சொல்வளமும் உலக அனுபவமும் நடுவயதிலும் வளர்ந்துகொண்டே இருக்கும். பலரைச் சோர வைப்பது படிக்கும் முறைதான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, பாடத்தை மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு ஏறக்குறைய 40 வீதமும் இரண்டாவது குழுவுக்கு 61 வீதமும் நினைவிருந்தன. ஆகவே கொப்பியை மூடி எழுதிப் பாருங்கள்.

கணக்கும் அப்படித்தான். 1,000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? 1,000ஐ 20ஆல் பெருக்கி, 8 மணித்தியாலத்தின் 480 நிமிடத்தால் பிரித்தால் ஏறக்குறைய 42. பெருக்கலும் வகுத்தலும்தான். தினமும் ஐந்து கணக்குச் செய்தால் கை பழகிவிடும்.

நம்பிக்கை: இரத்தம் கண்டு மயங்குகிறவருக்கு இந்த வேலை சரிவராது.

உண்மை: இந்த மயக்கம் பழக்கத்தால் அடங்கக்கூடியது. சாதாரணப் பயத்தில் இரத்த அழுத்தம் கூடும். இரத்தம் கண்டு மயங்குபவருக்கோ அது முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுகிறது. மயக்கம் அதனால்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ‘உடம்பைத் தளர விடு’ என்று சொல்வது பலன் தராது. 1980களில் சுவீடன் உளவியலாளர் ஓஸ்ட் அதற்கு நேர்மாறான வழியைச் சொல்லித் தந்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 வினாடி இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு முழுதாகத் தளர்ந்துவிடாமல் 20 முதல் 30 வினாடி சாதாரண நிலையில் இருங்கள். ஐந்து தடவை இப்படிச் செய்யுங்கள். வீட்டில் பழகிய பிறகு இரத்தம் கொடுக்கும் காட்சியைப் படத்தில் பார்த்தபடி செய்து பாருங்கள்.

நம்பிக்கை: பிந்தித் தொடங்கியவர் பிந்தியே நிற்பார்.

உண்மை: ஈடித் கவெல் பிரசல்ஸில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். லண்டன் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது வயது 30. பதினொரு வருடத்தில், 1907இல், பிரசல்ஸ் தாதியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதி. முதுகுவலி அந்த வேலையைத் தொடர விடவில்லை. சமூகப் பணிக்குப் போனார், 33 வயதில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். அவரது முதுகு நமக்கும் ஒரு பாடம். நோயாளரைத் தனியே தூக்காதீர்கள், முறையாகத் தூக்கும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: பயம் வருகிறது என்றாலே நாம் லாயக்கில்லை.

உண்மை: ‘பிழை விட்டால் ஒருவர் சாகலாம்’ என்ற பயம் பொறுப்புள்ளவருக்குத்தான் வரும். அந்தப் பயத்துக்கு வாட்டில் ஒரு வேலை இருக்கிறது: நோயாளி சரியா, மருந்து சரியா, அளவு சரியா, கொடுக்கும் வழி சரியா, நேரம் சரியா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பது. பயத்தைச் சரிபார்ப்பாக மாற்றக் கற்றுக்கொண்டவரே பாதுகாப்பான தாதி. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வேறு. வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

பயம் முழுதாகப் போகட்டும் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். இந்த வாரம் வர்த்தமானியை வாசியுங்கள். அடுத்த வாரம் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ வேலை செய்யும் தாதி ஒருவரிடம், “மிஸ், இரவு ட்யூட்டி எப்படி இருக்கும்? முதல் வருடம் எது கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். அந்தப் பதில்களைக் கேட்டபிறகும் ஆசை குறையாவிட்டால் விண்ணப்பத்தை நிரப்புங்கள். விசாரித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டாலும் அது அறிந்து எடுத்த முடிவு. பயத்துக்கு மட்டும் அந்த முடிவை விட்டுக்கொடுக்காதீர்கள்.