வறுவலுக்குள் ஒளிந்த மீன்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. ஆரணியாறும் காளாங்கி ஆறும் அதற்கு நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. இந்த உவர்நீரில் கிடைக்கும் மீன்களில் ஒன்று கொடுவா. சதைப்பற்று மிகுந்தது, முள் குறைவு, நல்ல விலை போகும்.

இதே மீனை வங்காளத்தில் 'பெட்கி' என்பார்கள். கொல்கத்தாவில் பெட்கி வறுவல் மிகவும் பெயர் பெற்றது. ஆனால் அங்குள்ள சில உணவகங்களிலும் விருந்துகளிலும் பெட்கி என்ற பெயரில் பாசா மீனைப் பரிமாறுவதாகப் பல ஆண்டுகளாகப் புகார் உண்டு. பாசா, மேகாங் ஆற்றைச் சேர்ந்த ஒருவகைக் கெளுத்தி. வியட்நாமிலும் ஆந்திரத்திலும் குளங்களில் வளர்க்கப்படுகிறது, விலை மலிவு.

முழு மீனாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள். கொடுவாவுக்குப் பெரிய செதில்கள் உண்டு, மீசை இல்லை. பாசாவுக்குச் செதில் இல்லை, மீசை உண்டு. ஆனால் தலை, தோல், முள் எல்லாம் நீக்கிய வெள்ளைத் துண்டை மசாலா தடவிப் பொரித்துவிட்டால்? கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றும் மிஞ்சாது.

அடையாளம் எங்கே ஒளிந்திருக்கிறது?

செல்லுக்குள்! ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் பல உள்ளன. அவற்றில் தனியாக டி.என்.ஏ. உண்டு. அதிலுள்ள ஒரு மரபணுவில் சுமார் 650 'எழுத்துகள்' கொண்ட பகுதி, பெரும்பாலும் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. அதைப் படித்து, ஏற்கெனவே தொகுத்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும். கனடா நாட்டு அறிஞர் பால் ஹெபர்ட் 2003-இல் முன்வைத்த இம்முறைக்கு 'டி.என்.ஏ. பட்டைக்குறியீடு' என்று பெயர். சமைக்கும்போது டி.என்.ஏ. இழை துண்டு துண்டாகும். ஆயினும் ஒரு செல்லில் அதன் பிரதிகள் ஏராளமாக இருப்பதால், சிறு துண்டுகளைக் கொண்டே பெரும்பாலும் இனத்தை அறியலாம்.

2008-இல் நியூயார்க் நகரில் உங்களைப் போன்ற இரண்டு பள்ளி மாணவிகள், கடைகளிலும் உணவகங்களிலும் சுமார் 60 மீன் மாதிரிகளைச் சேகரித்து இந்தச் சோதனைக்கு அனுப்பினார்கள். இனம் தெரிந்தவற்றில் நான்கில் ஒன்று பெயர் மாறியிருந்தது!

பாசா நஞ்சல்ல, உண்ணத்தக்க மீன்தான். குற்றம் பெயரில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மீன் ஒவ்வாத ஒருவர், வேறு மீன் என்று நம்பி அதையே உண்ண நேரலாம். மலிவான மீன் கொடுவாவின் பெயரில் விற்றால், வலைவீசி உண்மையான கொடுவாவைக் கொண்டுவரும் மீனவருக்கு விலை கிடைக்காது. கேட்ட பொருளுக்குப் பதில் வேறொன்றை விற்றால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. இன்று கொடுவா பண்ணைகளிலும் வளர்கிறது. ஏரிக் கொடுவாவா, பண்ணைக் கொடுவாவா என்று கேட்டால் பட்டைக்குறியீடு பதில் சொல்லாது. இரண்டும் ஒரே இனமல்லவா!

செய்து பாருங்கள்: மீன் சந்தையில் ஐந்து வகை மீன்களைக் கவனியுங்கள். செதில், மீசை, வால், துடுப்பு இவற்றை அட்டவணையாக எழுதுங்கள். துண்டு போட்டபின் எந்தெந்த அடையாளம் மிஞ்சுகிறது என்றும் குறியுங்கள்.