டேங்கைத் தூக்கும் முன்: தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

சாகுபுரத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் உப்பளம் கண்ணில் படும். ஆலை ஷிப்டுக்கு வருகிறவர்களின் பைக்கெல்லாம் அந்தக் காற்றில்தான் நாள் முழுக்க நிற்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. டேங்குக்கு அடியில் அமுக்கிக் கழற்றும் கனெக்டரும் அதோடு பரவியது. இப்போது பழைய வண்டிக்காரர்களும் அதையே போட்டுத் தரச் சொல்கிறார்கள். வேலை சுலபமாகிவிட்டது உண்மைதான். ஆனால் அந்த இணைப்பில் பெட்ரோலைத் தடுத்து நிற்பது சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். அதன் கீழே கொதிக்கும் இன்ஜின். நான் சொல்வதெல்லாம் அந்த வளையத்தைக் காப்பாற்றத்தான்.

1. முதலில் இடத்தைப் பார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். பக்கத்துக் கடையில் வெல்டிங் ஓடினாலோ, மூலையில் சாமி விளக்கு எரிந்தாலோ டேங்கில் கை வைக்காதே. பேட்டரியின் நெகட்டிவ் வயர் கழன்றிருக்க வேண்டும். மணல் வாளியும் பவுடர் தீயணைப்பானும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் ஆறும்வரை காத்திரு.

2. இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் 3 பார் அளவில் இருக்கும். பின் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இது அதிகம். இன்ஜினை அணைத்தாலும் உடனே இறங்காது. பேட்டரி வயரைக் கழற்றும் முன்பே பம்புக்குப் போகும் வயர் சாக்கெட்டைப் பிரித்துவிட்டு இன்ஜினை ஓட விடு. குழாயில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். அதற்குப் பிறகும் கனெக்டரைத் துணியால் சுற்றித்தான் கழற்ற வேண்டும். கண்ணாடி போடாமல் குனியாதே. கண்ணில் பெட்ரோல் பட்டுத் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. நம் ஊருக்கென்று ஒரு வேலை இருக்கிறது. கனெக்டரின் பூட்டு இடுக்கில் உப்பும் மண்ணும் சேர்ந்து வெள்ளையாக இறுகியிருக்கும். அதைத் துடைக்காமல் கழற்றினால் அந்தத் துகள் ஓ-ரிங்குக்குப் போகும், இல்லையென்றால் குழாய் வழியாக இன்ஜெக்டருக்குப் போகும். மெல்லிய பிரஷ், பிறகு காற்று, பிறகு ஈரத்துணி. காய்ந்த பிறகுதான் பூட்டைத் தொடு.

4. வரவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. இழுபட்டு நிற்கும் கதவின் தாழ்ப்பாள் விலகாது, கதவைத் தள்ளிப் பிடித்தால் விலகும் அல்லவா? அதே கதைதான். கனெக்டரை முதலில் உள்ளே தள்ளு, தள்ளியபடியே இருபுறக் காதையும் அமுக்கு, பிறகு நேராக இழு. சாய்த்து இழுத்தால் பிளாஸ்டிக் கழுத்தில் விரிசல் விழும். அந்த விரிசல் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது.

5. பிளாஸ்டிக்கா, உலோகமா? பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 1150 வரிசை வண்டிகளில் வந்த பிளாஸ்டிக் கனெக்டர்கள் வயதானதும் விரிசல் விட, உலகமெங்கும் அதை வைத்திருந்தவர்கள் உலோகத்துக்கு மாறினார்கள். அதைக் கேட்டுவிட்டு, பளபளப்பாக இருக்கிறதே என்று மலிவான துத்தநாகக் கலவையை வாங்கிவிடாதே. உப்புக்காற்றில் அது வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். பித்தளையில் குரோம் பூசியது, அல்லது துருப்பிடிக்காத எஃகு. விலை கூடுதல்தான், வண்டிக்காரரிடம் காரணத்தைச் சொல்லி வாங்கச் சொல்.

6. ரப்பரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 முதல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சாதாரண ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். ஓ-ரிங் கேட்கும்போது ‘வைட்டான்’ என்று பெயர் சொல்லிக் கேள். இன்ஜெக்‌ஷனுக்கு ஓஸ் வாங்கினால் மேலே ‘30ஆர்9’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று நீயே படி. கார்புரேட்டருக்கான ஓஸை இதற்குப் போடக் கூடாது. ஓட்டைகள் வெட்டிய பட்டி கிளாம்ப் ஓஸைக் கடிக்கும். ஓரம் மடிந்த, வழவழப்பான கிளாம்ப் போடு. கம்பெனியிலிருந்து நைலான் குழாயாக வந்திருந்தால் நடுவில் வெட்டி ரப்பர் ஒட்டுப் போடவே கூடாது. முழுக் குழாயையும் மாற்று.

7. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. தள்ளிவிட பம்ப் கிடையாது. வால்வு வைத்த கனெக்டர் உள்ளே வழியைக் குறுக்கும். ஊருக்குள் நன்றாக ஓடும் புல்லட் நாற்கரச் சாலையில் முறுக்கினால் மூச்சுத் திணறும். போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து அளவைப் பார். பாதியாகக் குறைந்திருந்தால் அந்தக் கனெக்டர் வேண்டாம், பழைய ஓஸே போதும் என்று சொல்லி அனுப்பு. காசு போனாலும் பரவாயில்லை.

8. ஓஸைப் புது பிளேடால் நேராக வெட்டு. பிசிறை ஊதித் தள்ளு. தானாக மூடும் வால்வு டேங்கு பக்கம்தான் வரவேண்டும்.

9. மாட்டும்போது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவு. கிரீஸ் வேண்டாம், சிலிகான் பசை வேண்டாம், டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் நூல் பிரிந்து இன்ஜெக்டரை அடைக்கும். ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் எழுந்துவிடாதே. மண் புகுந்திருந்தாலும் சத்தம் வரும். கையால் பின்னோக்கி இழுத்துப் பார். அசையாமல் நிற்க வேண்டும்.

10. பேட்டரியையும் பம்ப் சாக்கெட்டையும் மாட்டி, சாவியை இரண்டு மூன்று முறை போட்டு எடு. பம்ப் அழுத்தம் ஏற்றும். இணைப்பைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடு. ஈரத்தைக் கண்ணைவிட அது முன்னால் காட்டும். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஓஸ் எங்காவது இழுபடுகிறதா, சிலிண்டரைத் தொடுகிறதா என்று பார்த்து, மறுபடியும் ஒற்று. காகிதம் காய்ந்திருந்தால் சாவியைக் கொடு. ஈரம் இருந்தால், வண்டிக்காரர் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வண்டியைக் கொடுக்காதே. அவரை உன் வண்டியில் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா.