ஃபைல் கெட்டுப் போச்சா? முதலில் வெர்ஷனைப் பாருங்கள்!

பேக்கப் எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தங்கையின் கல்யாணப் போட்டோக்களை என் லேப்டாப்பில் வின்ரார் மூலம் ஒரே ஃபைலாகச் சுருக்கி, பென் டிரைவில் ஏற்றினேன். இடம் வேண்டுமே என்று லேப்டாப்பில் இருந்த ஒரிஜினல்களை அழித்தும் விட்டேன். ஊருக்குப் போய் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தால், ஃபைல் 'தெரியாத ஃபார்மேட்டில் உள்ளது அல்லது பழுதாகியுள்ளது' என்ற பொருளில் எர்ரர் மெசேஜ்!

"பென் டிரைவ் கெட்டுப் போயிருக்கும், ஃபார்மேட் பண்ணிப் பாருப்பா" என்றார் அப்பா. கையும் மவுசுக்குப் போய்விட்டது. நல்லவேளையாக, மெசேஜில் இருந்த 'அல்லது' கண்ணில் பட்டது.

காரணம் என்ன?

அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தது வின்ரார் 3.9. ஆனால் 2013-ல் வந்த 5.0 வெர்ஷனில் ரார்5 என்ற புதிய ஃபார்மேட் அறிமுகமானது. 2017-ல் வந்த 5.50 முதல் அதுவே டிஃபால்ட். இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான் என்பதால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புதிய வெர்ஷன் பழைய ஃபைலைத் திறக்கும். பழைய வெர்ஷன் ரார்5 ஃபைலைத் திறக்காது.

என்ன செய்ய வேண்டும்?

1. எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.

2. ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி பாதியில் நின்றால், பென் டிரைவைச் சந்தேகிக்கலாம்.

3. வின்ராரில் ஹெல்ப் மெனு சென்று, அபவுட் வின்ரார் என்பதை கிளிக் செய்யுங்கள். வெர்ஷன் 5.0-க்குக் கீழே இருக்கிறதா? பெரும்பாலும் அதுதான் காரணம்.

4. புதிய வின்ரார் அல்லது இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். 7-ஜிப்பிலும் 2015-க்கு முந்தைய வெர்ஷன்கள் ரார்5-ஐத் திறக்காது. வின்ராரில் 2023-ல் வந்த 6.23-க்கு முந்தையவற்றில் பாதுகாப்பு ஓட்டை உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள்.

5. திறந்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பிழை இல்லை என்று வந்தால் ஃபைல் நலம்.

7-ஜிப் போட்டதும் எனக்கு எல்லாப் போட்டோக்களும் அப்படியே கிடைத்தன.

இன்னொரு விஷயம். ஜேபெக் போட்டோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்குவதால் இடம் அதிகம் மிச்சமாகாது. ஃபோல்டராகவே காப்பி செய்தால் இந்த வெர்ஷன் தொல்லையே இல்லை.

எப்படி எடுத்தாலும், பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவரை ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்!